கரையாத மண்கட்டி

மலைச்சரிவில் சடைச்சி என்றொரு கரடி தினை பயிரிட்டு வந்தாள். புதரை வெட்டுவாள், காயவிடுவாள், தீ வைப்பாள், சாம்பலில் விதைப்பாள். முதல் வருடம் கதிர்கள் கனத்துத் தலைசாய்ந்தன. "சாம்பல்தான் சோறு போடுது" என்று முடிவுகட்டி, அதே சரிவை வருடாவருடம் எரித்தாள்.

நான்காம் வருடம் பெய்த முதல் மழையிலேயே சாம்பலும் விதையும் செந்நீரோடு ஓடைக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தினை விதை. அதுவும் போனால் அவளுடைய இரண்டு குட்டிகளுக்கும் இனி தினையே கிடையாது.

வெயில் ஏறியதும் கொள்ளிக்கட்டையோடு பக்கத்துக் காட்டைக் கொளுத்தக் கிளம்பினாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றது காலடியில் ஒரு குரல். செங்கோடன் என்ற மண்புழு. கரடி நகத்தின் நீளம்தான் இருப்பான். ஆனாலும் வழியை விடவில்லை.

"மிதிச்சிடுவேன், தள்ளிப் போ!"

"மிதிங்க. அதுக்கு முன்னாடி உங்க நிலத்துல ஒரு மண்கட்டி, இந்தக் காட்டுல ஒரு மண்கட்டி எடுத்துக் குட்டைத் தண்ணியில போடுங்க."

போட்டாள். எரிந்த நிலத்துக் கட்டி உடனே கரைந்து கலங்கியது. காட்டுக் கட்டி தண்ணீரைக் குடித்துவிட்டு, குலையாமல் கிடந்தது.

"இதை எது பிடிச்சு வச்சிருக்கு?"

"வேரும், மக்கின இலையும், எங்க எச்சமும்தான். முதல் வருசம் உங்களுக்கு விளைஞ்சதும் அதாலதான். திரும்பத் திரும்ப எரிச்சதுல அங்க எங்க ஆளுங்க ஒருத்தரும் மிஞ்சலை. புதர் வளரட்டும், விட்டுடுங்க. நான் அங்க போறேன்."

சடைச்சி கொள்ளியைக் குட்டையில் அமிழ்த்தினாள். குடுக்கையைக் குகைக்குள் தொங்கவிட்டாள். கிழங்கும் தேனும் தேடிக் குட்டிகளை வளர்த்தாள். வெறுந்தரையில் சருகை வாரிவாரிப் போட்டாள். செங்கோடன் தன் சுற்றத்தோடு அந்தக் கட்டாந்தரையில் இறங்கி, இம்மி இம்மியாகத் துளைத்தான். அவன் துணிச்சலை என்னவென்று சொல்ல! யானையால்கூட ஆகாத வேலை அது.

ஆறு மழைக்காலம் கழிந்தது. சடைச்சி தன் சரிவிலிருந்து ஒரு கட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டாள். வளர்ந்துவிட்ட குட்டிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. கட்டி கரையவில்லை.

அன்றே குடுக்கையைத் திறந்தாள். வெட்டிய புதரை எரிக்காமல் தரையிலேயே பரப்பி விதைத்தாள். விளைந்ததும் முதல் கதிரைச் செங்கோடனிடம் கொண்டுபோனாள்.

"எனக்கு எதுக்குக்கா தினை? கதிர் அறுத்த தாளைத் தரையிலேயே விடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குத் திரும்பினான்.

நிலத்திடம் வாங்கி உண்பவர் அது தேறிவர அவகாசமும் கொடுக்க வேண்டும்.