மூச்சு இருபத்தாறு

அமலோற்பவத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கிராமத்துச் சுகாதார நிலையங்களில் இருபத்தெட்டு வருஷம் செவிலியராக இருந்துவிட்டு, மாற்றலாகி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வார்டுப் பொறுப்பில் இருந்த நிலோஃபருக்கு முப்பத்தைந்து வயது.

வார்டில் ஒரு புது முறை வந்திருந்தது. நோயாளியின் நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் செவிலியர்கள் பார்த்து டேப்லெட்டில் பதிவார்கள். செயற்கை நுண்ணறிவு அவற்றைச் சேர்த்துப் பார்த்து, யாருக்கு நிலைமை மோசமாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். நிலோஃபர்தான் அதைக் கற்றுக்கொடுத்தார். அமலோற்பவம் வயதைப் பார்க்காமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். குடல் அறுவை முடிந்து மூன்றாவது நாளாகப் படுத்திருந்த பஸ் கண்டக்டர் தங்கமாரியப்பன், எதிர்க் கட்டில்காரரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் அவரைப் பார்த்துப் பதிந்தார். மூச்சு நிமிஷத்துக்கு இருபத்தாறு, வழக்கத்தைவிட அதிகம். நாடி கொஞ்சம் வேகம். உடனே டேப்லெட் திரை ஆபத்து என்று சிவப்பானது.

அமலோற்பவம் தங்கமாரியப்பனின் முகத்தைப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. கருவி தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நிலோஃபர் தடுத்து, டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

ஸ்கேனில் தெரிந்தது. தையல் போட்ட இடத்தில் கசிவு. ரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கியிருந்தது. மாலைக்குள் மறுபடியும் அறுவை நடந்தது. இன்னும் நாலைந்து மணி நேரம் விட்டிருந்தால் கையை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் தங்கமாரியப்பன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவர் மனைவி வடிவு, அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அமலோற்பவம் கையை விடுவித்துக்கொண்டு நேராக நிலோஃபரிடம் போனார்.

"அந்த நன்றி எனக்குச் சேராது சிஸ்டர். நான் அவரை விட்டுட்டுப் போகப் பாத்தேன். இருபத்தெட்டு வருஷம் பாத்த கண்ணுக்குத் தெரியாதது, அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? இனிமே நான் எதுக்கு?"

நிலோஃபர் கீழ்த்தளத்தில் நோயாளிகளின் பழைய கேஸ் ஷீட்டுகள் வைத்திருக்கும் அறைக்கு அவரைக் கூட்டிப்போனார். ஒரு காகிதக் கட்டை அவிழ்த்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இதைப் போல ஆயிரக்கணக்கான தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தான் அந்தக் கருவியைப் பழக்கினார்கள் என்றார்.

தாள் இருபது வருஷம் பழையது. ஏதோ ஒரு செவிலியர் மணிக்கொரு தடவை எழுதியிருந்தார்.

இரவு இரண்டு மணி. மூச்சு 26. நன்றாகப் பேசுகிறார். மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

மூன்று மணி. மூச்சு 30. போர்வையை இழுத்துக்கொண்டே இருக்கிறார். மீண்டும் தெரிவிக்கப்பட்டது.

நான்கு மணி. மூச்சு 34. கூப்பிட்டால் கண் திறக்கிறார். மீண்டும் தெரிவிக்கப்பட்டது.

அதற்குக் கீழே இறந்த நேரம் இருந்தது. ஓரத்தில் பெயர் புரியாத ஒரு கையெழுத்து.

"டாக்டர் வரலையா?"

"அன்னிக்கு ராத்திரி மொத்த ஆஸ்பத்திரிக்கும் டூட்டியில ஒரே டாக்டர். ஆபரேஷன்ல நின்னிருக்காரு."

"இதை எழுதினவங்க யாரு?"

"தெரியல. தேடிப் பாத்துட்டேன்."

அமலோற்பவம் அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். டாக்டர் வரவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கை ஒரு மணியையும் விட்டுவிடவில்லை.

"வடிவு இவங்க கையைத்தான் பிடிச்சிருக்கணும்" என்றார். "இவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது சிஸ்டர்?"

நிலோஃபர் தாளை வாங்கிக் கட்டோடு சேர்த்துக் கட்டி, அலமாரியில் வைத்தார்.

"மூணாம் கட்டிலுக்கு இப்பத்தான் ஒரு அம்மா வந்திருக்காங்க அக்கா. போய்ப் பாருங்க. பாத்ததை எழுதுங்க."