படுத்தவரை எண்ணாத கொக்கு

கோடையில் கருவேலங்காட்டுக் குளம் வற்றிவிட்டது. சிங்கராஜாவின் குகைச் சுனையைத் தவிர, மிச்சமிருந்தது தும்பிக்கைக்கு மட்டுமே எட்டும் ஆழமான ஒரு மணல் ஊற்றுதான். அதில் தும்பிக்கையால் நீர் மொண்டு, வரிசையாக வருகிறவர்களுக்கு ஊற்றுவது ஒரே ஒரு யானையின் வேலை. பாவம், அதற்கு இடுப்பு ஒடிந்தது.

ஊற்றில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற பளுவைக் கணக்கெடுக்கச் சிங்கராஜா ஒரு கொக்கை நியமித்திருந்தது. கொக்கு உச்சிவேளையில் வரும், எண்ணும், குகைக்குப் போய்ச் சொல்லும்.

யானை முறையிட்டது. "ராஜா, என்னால் முடியவில்லை! இன்னொரு யானையைக் கூப்பிடுங்கள்!"

சிங்கம் கொக்கைக் கேட்டது. "வரிசையில் எத்தனை பேர்?"

"ஆறே பேர், ராஜா!"

"ஆறு பேருக்கு இரண்டு யானையா? போ, போய் வேலையைப் பார்!"

யானைக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது பேருக்குக் குறையாதே! மறுநாள் கொக்கு எண்ணுவதைக் கூடவே நின்று பார்த்தது. மானும் பன்றியும் முயலும் நிற்கத் தெம்பில்லாமல் மணலில் விழுந்து கிடந்தன. கொக்கு அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனது.

"இவர்களை ஏன் விட்டுவிட்டாய்?"

"படுத்திருக்கிறார்களே! ஓய்வெடுப்பவர்கள் பளுவில் சேரமாட்டார்கள்."

"அடப்பாவி! தாகத்தில் சுருண்டு கிடக்கிறார்கள்!"

யானை மறுபடியும் குகைக்கு ஓடியது. கணக்கைத் திருத்தச் சொல்லிச் சிங்கம் உத்தரவு போட்டது. கொக்கு மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்று திருத்தியது.

"ராஜா! இனி ஒருநாள் சராசரி, ஐந்துநாள் சராசரி, பதினைந்துநாள் சராசரி என்று மூன்று உண்டு!"

மூன்றிலும் படுத்தவர்களைச் சேர்க்கவில்லை. சிங்கம் பூரித்துப்போய்க் கொக்குக்குத் தன் சுனையிலிருந்து ஒரு மீன் பரிசளித்தது. யானை தனியாகவே நீர் மொள்ளத் திரும்பிப் போனது.

அந்த வாரமே யானை மயங்கி விழுந்தது. குகைச் சுனையும் வற்றிவிட, சிங்கமே ஊற்றுக்கு வந்தது. நீர் ஊற்ற ஆளில்லை. காத்துக் காத்து, நாக்கு தொங்க, அதுவும் படுத்துவிட்டது.

உச்சிவேளைக்குக் கொக்கு வந்தது.

"எத்தனை பேர்?" என்று முனகியது சிங்கம்.

"ஒருவருமில்லை, ராஜா! காட்டில் தாகமே ஒழிந்துவிட்டது!"

"அடேய், அப்போ நான்?"

"நீங்கள் ஓய்வெடுக்கிறீர்களே, ராஜா!"

சிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "பறந்து போ! மலையடிவார யானைகளைக் கூட்டி வா! இல்லையென்றால் உன்னையே கடித்துத் தாகம் தீர்ப்பேன்!"

மாலைக்குள் மூன்று யானைகள் வந்து சேர்ந்தன. முதல் தும்பிக்கை நீரை மயங்கிக் கிடந்த யானையின் வாயில்தான் ஊற்றின.

துன்பத்தில் விழுந்து கிடப்பவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, எத்தனை முறை திருத்தினாலும் பொய்க்கணக்கே.