சேல்மீனின் குமிழி

அந்தக் காலத்தில் மீனுக்கும் வாய் இருந்தது என்று தொடங்கினால், இப்போது மட்டும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தின்பதற்கு. நான் சொல்லும் காலத்தில் அது பேசுவதற்கும் இருந்தது. மாடு பேசியது, கொக்கு பேசியது, தவளை இப்போது கத்துவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே பேசியது. ஆனால் பேச்சில் சேல்மீனுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. கரையில் ஓர் ஆள் வந்து நின்றால் போதும், தலையை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை அத்தனையும் கேட்டுவிடும்.

ஆவாரங்கண்மாய் என்று ஒரு கண்மாய். மழைக்காலத்தில் கரையைத் தொட்டு நிற்கும், கோடையில் முழங்கால் அளவுக்கு வற்றும். அங்கே சேல்மீன்கள் மேல்தண்ணீரிலேயே, வெயில் படுகிற இடமாகப் பார்த்து, முதுகு தெரிய வாழ்ந்தன. அடியில் கிடந்த சேற்றை அவை திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அது கெளுத்தி இருக்கிற இடம் என்று ஒரு நினைப்பு.

ஊருக்கும் மீனுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பங்குனிக் கடைசியில் தண்ணீர் வற்றியதும் ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அன்று ஒரு நாள் மட்டும் ஊரே இறங்கி மீன் பிடிக்கலாம். மீன்களும் அன்றைக்கு ஓடலாம், ஒளியலாம். யாருக்கும் யார்மேலும் வருத்தம் கிடையாது. மற்ற நாட்களில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. நோய்நொடி, அவசரம் என்றால் கரையில் நின்று விஷயத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். மீன்கள் தங்களுக்குள் கலந்து பேசி, வயது முடிந்த மீன் ஒன்றைக் கரைக்கு அனுப்பிவைக்கும். அப்படிக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் அதுவரை ஒருவரும் இல்லை.

அந்த ஊரில் மாயழகு என்று ஒருவன். நல்லவன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு அவனைத் திட்டும்போது மறந்துவிடாதீர்கள். அவன் மனைவி அடைக்கி நாலு வீட்டுக்கு நெல் குத்துகிறவள். கிடைக்கிற தவிட்டில் மாட்டுக்குப் போக மிச்சத்தை மாயழகு தண்ணீர் தெளித்து உருட்டி, தினமும் காலையில் கண்மாய்க்குக் கொண்டுபோய்ப் போடுவான். யாரும் அவனைப் போடச் சொல்லவில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

உருண்டை விழுந்ததும் முதலில் வருவது கரியாள். முதுகு கறுத்து, வயிறு மஞ்சளோடிய பெண்சேல். அவள் மாயழகை அண்ணன் என்பாள். அவன் அவளைத் தாயி என்பான். அவள் பிள்ளைகளுக்கு அவன் மாமன். உறவு வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தோல் என்ன, செதில் என்ன!

அடைக்கிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவதாகக் கார்த்திகை மாதத்தில் ஒரு பெண் பிறந்தது. பிறந்தது நன்றாகத்தான் பிறந்தது, தாய்க்குப் பால் சுரக்கவில்லை. ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வைத்தால் பிள்ளை துப்பியது. ஊரில் அப்போது பால் கொடுக்கிற பெண் வேறு யாரும் இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் மருத்துவச்சி ஒச்சாயி மாயழகை வெளியே கூப்பிட்டாள்.

"இந்தா பாரு, சேல்மீனைப் பூண்டு தட்டிப் போட்டு, புளி சேக்காம அவிச்சுக் குடு. ரெண்டு வேளை உள்ள போனாப் பால் எறங்கிரும். கண்மாயில கேட்டு வாங்கிட்டு வா. நாளைக்குன்னு தள்ளுனியோ, பிள்ளை தாங்காது."

மாயழகு ஓடினான். பழக்கத்தில் கையில் தவிட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினான். உருண்டையைப் போட்டான். கரியாள் வந்தாள்.

"என்னண்ணே, ரெண்டு நாளா ஆளையே காணோம்? மதினிக்குப் பிள்ளை பொறந்திருச்சா?"

"பொறந்திருச்சு தாயி. பொம்பளப் பிள்ளை."

"ஆத்தாடி! அப்ப நான் அத்தை ஆயிட்டேன்னு சொல்லு." தண்ணீருக்கு மேல் ஒரு துள்ளுத் துள்ளினாள். "மருமக நல்லாப் பால் குடிக்கிறாளா?"

இதைவிட ஒருவர் எப்படி எடுத்துக் கொடுக்க முடியும்? வாயைத் திறந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவன் கண் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்த தவிட்டைப் பார்த்தது. தினமும் போட்டவன் இன்றைக்கு வந்து ஓர் உயிரைக் கேட்டால், இதற்காகத்தான் இத்தனை நாள் போட்டான் என்று நினைத்துவிடுவார்களே! வேறு ஊர்க்காரனாக இருந்தால் கூசாமல் கேட்டிருப்பான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, கொடுத்த இடத்தில் போய்க் கை நீட்டுவதைவிடச் செத்துப் போவது மேல்.

"குடிக்கிறா, குடிக்கிறா. வயிறு முட்டக் குடிக்கிறா" என்றான்.

திரும்பி நடந்தான். கரையோரத்துச் சூரைப்புதரில் வேட்டி மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான், முள் இன்னும் உள்ளே போனது. பின்பக்கம் வளைந்த முள். குனிந்து அதை எடுத்துவிட்டவன் அப்படியே நின்று அந்த முள்ளைப் பார்த்தான். அதுவரை உலகத்தில் தூண்டில் என்ற ஒன்று கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அடைக்கி தலையைத் தூக்கி, "கேட்டீகளா? குடுத்தாகளா?" என்றாள்.

"இந்தா, போறேன்" என்று சொல்லிவிட்டு மாயழகு கற்றாழை நாரை எடுத்துத் திரிக்க உட்கார்ந்தான்.

உச்சி வெயிலில் மறுபடி கண்மாய்க்கு வந்தான். வழக்கமாக நிற்கும் துறைக்கு வரவில்லை, கண்மாயின் மறு கோடிக்குப் போனான். கரியாள் இருக்கும் பக்கத்துக்கு வெகு தூரத்தில், அவனுக்கு முகம் தெரியாத ஏதாவது ஒரு மீன் வந்து மாட்டட்டும் என்று நினைப்பு. முகம் தெரியாவிட்டால் பாவம் குறையும் என்று கணக்குப் போட்டான், பாவி. நாரின் நுனியில் சூரைமுள்ளைக் கட்டி, முள் தெரியாமல் தவிட்டைப் பொத்தி, உருட்டி எறிந்தான்.

அவன் உருண்டை தண்ணீரில் விழுகிற சத்தம் கரியாளுக்குத் தெரியும். அண்ணன் இன்றைக்கு ரெண்டாவது தரமாக வந்திருக்கிறான், மருமகளைப் பற்றி ஏதாவது சேதி இருக்கும் என்று கண்மாயைக் குறுக்காக நீந்திக் கடந்து, மற்ற மீன்களுக்கு முன்னால் அவள்தான் வந்தாள். வந்த வேகத்தில் உருண்டையை வாயில் வாங்கிக்கொண்டு தலையை நீட்டினாள்.

"அண்ணே, உருண்டைக்குள்ள என்னமோ முள்ளு கெடக்கு. தவிட்டைச் சலிக்காமலா உருட்டுன? கையில குத்தியிருக்கப் போகுது, பாத்துக்க."

மாயழகு நாரை விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தான். அப்போது பிள்ளை வாயைத் திறந்து மூடியது கண்முன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிட்டான்.

கரையில் புல்மேல் கிடந்தவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவன் கையில் நாரைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"பால் இல்லையா? காலையில கேட்டேனேண்ணே! வயிறு முட்டக் குடிக்கிறான்னு சொன்னியே!"

"கேட்டா, இதுக்குத்தான் இத்தனை நாளாத் தவிடு போட்டான்னு நெனைச்சிருவீகளேன்னு..."

"நெனைச்சா நெனைச்சுட்டுப் போறோம். பிள்ளையைவிடவா அது பெருசு?"

அவன் அவளைக் கையில் எடுத்து முள்ளை எடுக்கப் பார்த்தான். வளைந்த முள் எடுக்க எடுக்க உள்ளே கிழித்தது. "தண்ணியில விட்டாப் பொழைச்சுக்குவியா தாயி?" என்று கெஞ்சினான்.

"செவுளு கிழிஞ்சிருச்சு. இனிப் பொழைக்க மாட்டேன். என்னைய எடுத்துட்டுப் போய் மதினிக்கு ஆக்கிக் குடு. அத்தை செய்யிற சீருன்னு வச்சுக்க." கொஞ்ச நேரம் வாயை மூடித் திறந்தாள். "கேட்டிருந்தா ஒரு கெழவன் சந்தோசமா வந்திருப்பான். எம் பிள்ளைகளுக்கு நானும் இருந்திருப்பேன். போ, அதை விடு. பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், என்னையத் தண்ணியில இறக்கு."

அவன் அவளை இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீரில் பிடித்தான். குஞ்சுகள் ஓடி வந்து சுற்றிக்கொண்டன. அவள் சொன்னது அத்தனையும் அவன் காதில் விழுந்தது.

"மாமன்னு நம்பி இனிமே மேல வராதீக. அடியில போயிருங்க, சேத்துக்குள்ள இருங்க. எது விழுந்தாலும் முழுங்காதீக. வாயில வாங்கித் துப்புங்க, திரும்ப வாங்கிப் பாருங்க. முள்ளு இருக்கா இல்லையான்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டே தின்னுங்க. மனுசங்ககிட்ட மட்டும் பேச்சு வச்சுக்காதீக."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உயிர் போய்விட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலையைக் கவிழ்த்து அடிக்குப் போயின. அவற்றைப் பார்த்து மற்றச் சேல்மீன்களும் போயின. கண்மாயின் மேல்தண்ணீர் வெறிச்சென்று ஆனது.

ஒச்சாயி சொன்னது பொய்க்கவில்லை. மறுநாள் காலையில் அடைக்கிக்கு மார் கனத்து, சேலை நனைந்தது. பிள்ளை வாய் வைத்தது. முதலில் சப்பத் தெரியாமல் தவித்து, பிறகு பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அடைக்கி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்படியே புருஷனிடம் கேட்டாள்: "எந்தக் கெழடுங்க வந்துச்சு? சதை எளசா இருந்துச்சே."

மாயழகால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டான்.

அடைக்கியின் முகம் செத்துப்போனது. "எந் நாத்தனாளையா எனக்கு ஆக்கிப் போட்டீக?" என்றாள். உள்ளே போனதைக் கக்கிவிட நினைத்தாள். கக்கி என்ன ஆகப்போகிறது? அது பாலாகிப் பிள்ளை வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை மாரிலிருந்து எடுக்கவும் மனம் வரவில்லை. கண்ணீர் வழிய வழியக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து முப்பதாம் நாள் வரை புருஷனோடு அவள் பேசவில்லை.

முப்பது கழிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று காலையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முறத்தில் தவிட்டோடு கண்மாய்க்குப் போனாள். மூன்று தரம் சலித்த தவிடு. அப்படியும் நம்பிக்கை இல்லாமல் கரையில் உட்கார்ந்து விரலால் அளைந்து அளைந்து பார்த்தாள். பின்னாலேயே வந்த மாயழகு பக்கத்தில் வரத் தைரியமில்லாமல் கருவேல மரத்தடியில் நின்றுகொண்டான்.

"கரியாள் மக்களே, நான் உங்க அத்தை வந்திருக்கேன். பாருங்க, இதுல முள்ளு இல்ல" என்று உள்ளங்கையை விரித்துத் தண்ணீருக்குக் காட்டினாள். பிறகு ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

ஒரு தலையும் மேலே வரவில்லை. தவிடு மெல்ல மெல்ல அமிழ்ந்தது. அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போகும்போது, தவிடு இறங்கிய இடத்தில் கடுகு கடுகாக நாலைந்து குமிழி வந்தது. நின்றது. பிறகு ஒரு கொத்தாக வந்தது. அடைக்கிக்குப் புரிந்துவிட்டது. அடியில் அவை ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. முள்ளு இருக்கா? இல்ல, தின்னு. உனக்கு? எனக்கும் இல்ல.

"தின்னுங்கடா, தின்னுங்க" என்று சொல்லிப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். தினமும் வந்து ஒரு பிடி போட்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஊருக்குப் போதவில்லை. சூரைமுள்ளும் கற்றாழை நாரும் என்ன செய்யும் என்று ஊர் அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டது. பங்குனி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நாலு பேர் கேட்டார்கள். அடைக்கி முதலில் ஒரு பிடி போடுகிறாள், குமிழி வருகிறது என்பதையும் பார்த்துக்கொண்டார்கள். அவளைப்போலவே அவர்களும் ஒரு பிடியை முள்ளில்லாமல் போட்டார்கள். இரண்டாவது உருண்டையில் முள்ளை வைத்தார்கள்.

சேல்மீன் வெயிலை விட்டுச் சேற்றில் ஒதுங்கியது அப்படித்தான். இரையைக் கண்டதும் விழுங்காமல் வாங்கித் துப்பி, வாங்கித் துப்பி, தூண்டில்காரனின் பொறுமையைச் சோதிக்கிற பழக்கமும் அன்றைக்கு வந்ததே. இப்போது ஏரிக்கரையில் குடையை விரித்து உட்கார்ந்து, கம்பிச் சுருளுக்குள் தவிட்டைத் திணித்து, அதன் ஓரத்தில் முள்ளைத் தொங்கவிடுகிற நாமும் முதல் பிடியைச் சும்மாதான் போடுகிறோம். மீனைக் கூட்டுவதற்கு என்று சொல்லிக்கொள்கிறோம். அடியில் கரியாளின் பிள்ளைகள் தாய் சொல் தட்டாமல், முள் இருக்கிறதா என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே தின்கின்றன. பேசினால் குமிழி மேலே போகும், ஆகவே மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்று தொடங்கி இன்றுவரை, அந்தக் குமிழி வரும் இடத்தைப் பார்த்துத்தான் நாம் தூண்டிலை வீசுகிறோம்.