வீட்டைப் பார்த்துக் கூவிய இருவாச்சி

மேகம் இறங்கி வந்து படுத்துத் தூங்கும் மலை அது. அந்த மலைச்சரிவில் ஓர் இருவாச்சிக் குடும்பம் வீடு தேடிக்கொண்டிருந்தது. மனைவி பெயர் பொன்மூக்கி. புருஷன் பெயர் இடிச்சிறகன். அவன் பறந்தால் தூரத்தில் மழை வருகிற மாதிரிச் சத்தம் கேட்கும்.

இருவாச்சிக்கு வீடு அமைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குருவி மாதிரி நாலு குச்சியை வைத்துக் கட்டிவிட முடியாது. பெரிய மரத்தில் பெரிய பொந்து வேண்டும். பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை பழம் ஊட்ட ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனவளுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளர்ந்து, தனக்கும் புதுச் சிறகு முளைக்கிற வரைக்கும் அங்கேயேதான் கிடக்க வேண்டும்.

வீடு தப்பாக அமைந்துவிட்டால் அவளால் பறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

இவர்களுடைய பழைய பொந்து, போன மழையில் மரத்தோடு சாய்ந்து போனது. இப்போது பொன்மூக்கியின் வயிற்றில் முட்டை கனக்கத் தொடங்கிவிட்டது. கண்ணை மூடினால் பொந்து பொந்தாகக் கனவு வந்தது. ஒரு கனவில் நிலாவுக்குள்ளேயே வீடு கிடைத்தது. வாசல் பூச அங்கே மண் கிடைக்காமல் விழித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மரநாய் சடைவாலன் ஆடி அசைந்து வந்தான்.

"என்ன மச்சான், தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு இப்படி அலையுறே? என் வீடு இருக்கே! குங்கிலிய மரத்துப் பொந்து. மழை உள்ளே வராது, குரங்கு கை நுழையாது!"

"நீ எங்கே போவே?" என்று கேட்டான் இடிச்சிறகன்.

"இச்சி மரத்துப் பக்கம் போறேன். அங்கே இருக்கிற உங்க கிழக்குக் கொம்பை எனக்குக் கொடுத்துடு. என் வீட்டை நீ எடுத்துக்கோ!"

இச்சி, அத்தி மாதிரிப் பழம் தரும் மரம். அந்தக் காட்டில் பழக்கொம்புக்கும், அதாவது பழம் பழுக்கும் கிளைக்கும், சொந்தக்காரர் உண்டு. கிழக்குக் கொம்பு, புருஷனும் மனைவியும் சேர்ந்து ஆண்டுவந்த கொம்பு. எந்த மரம் ஏமாற்றினாலும் அந்தக் கொம்பு ஏமாற்றாது. அப்படிப்பட்ட பொதுச் சொத்தைக் கொடுப்பதென்றால் இரண்டு வாயும் 'சரி' சொல்ல வேண்டும். அதுதான் காட்டு வழக்கம்.

இடிச்சிறகன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. "சரி!" என்று சொல்லிவிட்டான்.

"குஞ்சு பொரிஞ்சா எதைங்க ஊட்டுவீங்க?" என்றாள் பொன்மூக்கி.

"காடு பூரா மரம்தானே, தேடிக்கிறேன்! முதல்ல வீட்டைப் பாரு!"

பொன்மூக்கி போய்ப் பார்த்தாள். பொந்துக்குள் இருட்டு இதமாக இருந்தது. குங்கிலிய வாசனை வந்து முகத்தைத் தடவியது. பின்சுவரில் தலையைச் சாய்த்தாள். சுவருக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. ம்ம்ம்... ம்ம்ம்... யாரோ எங்கேயோ தொட்டில் ஆட்டுகிற மாதிரி. அவளுக்குக் கண் சொருகியது. கனவில் அவள் முட்டைக்குள் ஒரு பூந்தோட்டம் இருந்தது. அதன் நடுவில் குஞ்சு மல்லாந்து படுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

விழித்ததும், "அண்ணே, சுவர் பாடுதே! அது என்ன?" என்று கேட்டாள்.

சடைவாலனின் வால் வெடுக்கென்று துள்ளியது. "அதுவா? காத்து! பழைய மரமில்லையா, காத்து புகுந்து புறப்படுது."

"நல்ல காத்து!" என்றாள் பொன்மூக்கி. அந்தப் பாட்டுக்காகவே வீடு பிடித்துப்போய்விட்டது.

இனிமேல் கூவல் ஒன்றுதான் பாக்கி. அந்தக் காட்டில் வீடு கைமாறுவதற்கு முன்னால், விற்பவரும் வாங்குபவரும் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூவ வேண்டும். 'இந்த வீடு கைமாறப் போகுது! பாத்தியதை உள்ளவங்க வந்து சொல்லுங்க!' என்று. யாரும் உரிமை கேட்டு வராவிட்டால் வீட்டில் வில்லங்கம் இல்லை என்று அர்த்தம். எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பதால் வெயில் ஏறிய பிறகு கூவுவதுதான் முறை.

சடைவாலனோ மறுநாள் காலையிலேயே வந்து அவசரப்படுத்தினான். அன்றைக்கென்று மூடுபனி மலையையே விழுங்கியிருந்தது. பக்கத்துக் கிளை தெரியவில்லை. மரங்களெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"வெயில் வரட்டுமே, அண்ணே!" என்றாள் பொன்மூக்கி.

"உன் முட்டை வெயிலுக்குக் காத்திருக்குமா, தங்கச்சி? சாட்சியைக்கூட நான் கூட்டி வந்துட்டேன், பாரு!"

சாட்சிக்கு வந்தவர் சோலைமந்தி வெண்பிடரி. கிளையில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். "கூவுங்க, கூவுங்க! எனக்கு வேற சோலி இருக்கு!" என்றார்.

காட்டைப் பார்த்துக் கூவினார்கள். பஞ்சுப் பொதியில் விழுந்த கல்லைப் போல, குரல் பனிக்குள் போய் அப்படியே அடங்கியது. யாரும் வரவில்லை.

"வில்லங்கம் இல்லை! எனக்குப் பழம் எங்கே?" என்றார் வெண்பிடரி.

"அப்புறமென்ன! உள்ளே போய் வாசலைப் பூசு, தங்கச்சி!" என்றான் சடைவாலன்.

பொன்மூக்கி உள்ளே போனாள். பழையபடி சுவரில் தலையைச் சாய்த்தாள்.

பாட்டு இல்லை.

வெளியே காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. சுவர் மட்டும் ஊமையாக இருந்தது. அவள் மூக்கால் சுவரைத் தடவிப் பார்த்தாள். ஒரு மூலையில் ஈரம் தட்டுப்பட்டது. மண் பூசுவது அவள் பரம்பரை வேலை. பூச்சைத் தொட்டாலே எப்போது பூசியது, எப்படிப் பூசியது என்று தெரிந்துவிடும். இது காயாத பூச்சு. மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து யாரோ அவசர அவசரமாக அப்பியது.

"அண்ணே! இந்தப் பூச்சு யாரு பூசினது?"

"ஓட்டை இருந்துச்சு. உனக்குக் குளிருமேன்னு அடைச்சேன். நன்றி சொல்லுறதை விட்டுட்டு, கேள்வி கேட்குறியே!"

பொன்மூக்கி வாசலுக்கு வந்து நின்றாள். "நாம எல்லாரும் காட்டைப் பார்த்துத்தான் கூவினோம். வீட்டைப் பார்த்து யாருமே கூவலையே!"

வெண்பிடரிக்குச் சிரிப்பில் பலாக்கொட்டை தெறித்தது. "காலி வீட்டைப் பார்த்து யாராவது கூவுவாங்களா? சரியான கிறுக்குப் புள்ளையா இருக்கியே!"

"இனிமே கூவி என்ன ஆகப்போகுது?" என்று சீறினான் சடைவாலன். "உன் புருஷன் சொல்லு கொடுத்தாச்சு. கொம்பு எனக்கு வந்தாச்சு!"

"கொம்பு எங்க ரெண்டு பேருக்கும் பொது. அவர் வாய்தான் சொல்லிச்சு. என் வாய் இன்னும் சொல்லலை!"

வெண்பிடரி மெல்லுவதை நிறுத்தினார். "அட, அது நியாயம்தான்!"

பொன்மூக்கி திரும்பினாள். பொந்துக்குள் தலையை விட்டுக் கூவினாள். "இந்த வீடு கைமாறப் போகுது! பாத்தியதை உள்ளவங்க சொல்லுங்க!"

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, கனவில் கேட்கிற குரல் மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெலிசாக ஒரு குரல் வந்தது.

"நாங்க இருக்கோம்... மூச்சு முட்டுது..."

பொன்மூக்கி ஓங்கிக் கொத்தினாள். பூச்சு பெயர்ந்து விழுந்தது. எள்ளை அள்ளி இறைத்தது போல் கொசுத்தேனீக்கள் வெளியே வந்தன. வந்த வேகத்தில் சுவரிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கின.

"இந்தச் சுவருக்குப் பின்னாலதான் எங்க கூடு," என்றது ஒரு தேனீ. "எங்களுக்கு வேற வாசல் கிடையாது. இந்தப் பொந்து வழியாத்தான் பூவுக்குப் போறோம், வர்றோம். சடைவாலனோட அப்பன் குடிவந்த அன்னைக்கே பேசின பேச்சு அது. பொந்து அவங்களுக்கு, அதுக்குள்ளே போய்வர்ற நடை எங்களுக்கு!"

பொன்மூக்கி நினைத்துப் பார்த்தாள். வாசலைப் பூசி, சிறகை உதிர்த்துவிட்டு உட்கார்ந்த பிறகு, அந்தப் பூச்சு காய்ந்து வெடித்திருந்தால்? தேனீக்கூட்டம் வழி தெரியாமல் அவள் கண்ணிலும் காதிலும் புகுந்திருக்கும். எங்கே ஓடுவாள்? முட்டையை எங்கே ஒளிப்பாள்?

"இத்தனூண்டு பூச்சி நடந்துபோறது ஒரு வில்லங்கமா?" என்று முணுமுணுத்தான் சடைவாலன். "நான் வாசலை அடைக்காமலே குடியிருந்தவன். எனக்கு ஒரு தொந்தரவும் தெரியலை!"

"தெரியாத தொந்தரவை எதுக்கு அண்ணே மண்ணைப் போட்டு மறைச்சே?"

சடைவாலன் தன் வாலைப் பார்த்துக்கொண்டான்.

இடிச்சிறகன் தலையைக் குனிந்தான். "உன்னைக் கேட்காம வாயை விட்டுட்டேன், பொன்மூக்கி."

"மூக்கை இவ்வளவு பெரிசாப் படைச்ச சாமி, யோசிக்கக் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்!" என்றாள் அவள். பிறகு தேனீக்கள் பக்கம் திரும்பினாள். "நான் வாசலைப் பூசித்தான் ஆகணும். கீறலுக்கு மேலே உங்களுக்குத் தனியா ஒரு துளை விட்டுப் பூசினா ஒத்துக்குவீங்களா?"

தேனீக்கள் கூடிப் பேசின. "நடை எங்களுதுன்னு சாட்சி முன்னால சொல்லு. பூச்சுல குழைக்கப் பிசின் நாங்க தர்றோம்!"

"சொல்றேன். அண்ணே, உனக்கும் சொல்றேன். அடுத்தவங்களுக்கு நடை உள்ள வீட்டுக்கு முழுக்கொம்பு கிடைக்காது. கொம்பு எங்களுக்கே இருக்கட்டும். கீழே உதிர்ற பழம் உனக்கு. பிடிக்கலைன்னா சொல்லிடு, நான் வேற மரம் பார்த்துக்கிறேன்!"

துணிந்து சொல்லிவிட்டாள். வேறு மரம் தேட முட்டை அவகாசம் தராது என்று அவளுக்குத்தான் தெரியும்.

சடைவாலன் வெண்பிடரியைப் பார்த்தான். இந்தப் பலாச்சுளை வாய், தேனீ நடை விஷயத்தைப் பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கச் சொல்லிவிடும். பிறகு யார் வந்து வீடு கேட்பார்கள்?

"சரி, உதிர்ற பழம்!" என்றான்.

வெயில் வந்தது. பனி எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு போனது. முதலில் வீட்டைப் பார்த்துக் கூவினார்கள், அப்புறம் காட்டைப் பார்த்து. கொம்பு விஷயத்துக்கும் நடை விஷயத்துக்கும் இந்தத் தடவை இரண்டு வாயும் சேர்ந்து 'சரி' சொன்னன.

பொன்மூக்கி உள்ளே போய், பிசின் குழைத்து வாசலைப் பூசினாள். கீறல் ஒன்று, அதன் மேலே பொட்டு மாதிரி ஒரு துளை. சிறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து மெத்தையாயின. கீறல் வழியாக இச்சிப்பழம் வந்தது. துளை வழியாகப் பூவாசனை வந்தது. சுவர் பாடியது. அவள் தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள். எது கனவு, எது பகல் என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை.

ஒருநாள் முட்டை உடைந்தது. குஞ்சு தலையை நீட்டி வாயைத் திறந்தது. இருவாச்சி மாதிரி அது கத்தவில்லை. "ம்ம்ம்..." என்று சுவரோடு சேர்ந்து ரீங்காரம் போட்டது.

வீடு வாங்குகிறவர்கள் விற்பவரின் வாய்ப்பேச்சோடு நின்றுவிடாமல், அந்த வீட்டில் வேறு யாருக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தாங்களே விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் 'சரி' சொல்ல வேண்டும்.