அணைக்கட்டில் ஒன்றரை மணி நேரம்

ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த டிரைவர் குத்தாலிங்கத்துக்கு ஐம்பத்தேழு. தென்காசியில் ஜெசிந்தாவின் டீசல் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். குத்தாலிங்கம் கண்டுகொள்ள மாட்டார். ஜெசிந்தாவை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியும் எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு மனைவி புஷ்பம் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவதென்று தெரியாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வர ஆரம்பித்தார். டீசல் ஃபில்டர் மாற்றவும், லைனில் காற்றுப் பிடித்தால் எடுத்துவிடவும் இப்போது அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸையே கொண்டுவந்து நிறுத்தினார்.

"டீசல் பீச்சுற நாசில் ரெண்டு தடவை கழுவியாச்சு. ஃபில்டர் புதுசு. அப்படியும் ஏத்தத்துல கரும்புகை தள்ளுது, சைலென்சர்ல எண்ணெய் வடியுது. கோளாறு எங்கன இருக்கு, மேஸ்திரி?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் எஃப்.சி., வண்டியைச் சோதித்துத் தகுதிச் சான்று தரும் நாள். புகை போகாவிட்டால் வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வண்டி போனால் குத்தாலிங்கமும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த வீட்டை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

ஜெசிந்தா எஞ்சின் மூடியைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். பழைய எஞ்சின் என்றால் ஆயிலைக் குடிக்கும், அளவு குறையும். இதில் ஏறியிருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். டீசல் வாடை அடித்தது.

"வியாழக்கிழமை உங்க வண்டில வாரேன், அண்ணே," என்றார். "டிக்கெட் எடுத்துத்தான் வருவேன்."

சொன்னபடி வந்தார். டிக்கெட்டும் எடுத்தார். கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அது மலையடிவாரத்து அணைக்கட்டுக்குப் போகும் பஸ். கண்டக்டர் மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே தன் ஊரில் சாப்பிட இறங்கிவிடுவார். திரும்பும்போது ஏறிக்கொள்வார். அணை கட்டிய காலத்தில் அங்கே நூறு வீடு இருந்ததாம். இப்போது வரிசையாகப் பூட்டு தொங்கியது. புல்லறுக்க வந்த இரண்டு பெண்கள் இறங்கி நடந்தார்கள். மறுபடி கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது.

குத்தாலிங்கம் வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார். எஞ்சினை நிறுத்தவில்லை. டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். புளிச்சோறு. சீட்டும் சோறும் அவரும் சேர்ந்து நடுங்கினார்கள்.

ஜெசிந்தா அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்தார்.

"தினமும் இப்படித்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினார். "நிறுத்துனா மறுபடி கிளம்பாது, மேஸ்திரி. இறக்கந்தான், ஒரு ஆளு கை வச்சுத் தள்ளுனாப் போதும். அந்த ஒரு ஆளு இங்கன கிடையாது."

"எப்ப கிளம்பாமப் போச்சு?"

குத்தாலிங்கம் யோசித்தார். அப்படி ஒரு நாள் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஜெசிந்தா குனிந்து, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தார்.

எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. குத்தாலிங்கம் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. சாவியைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

குத்தாலிங்கம் தூக்குச்சட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"அவ காரியம் முடிஞ்சு முத நாளு டூட்டிக்கு வந்தேன். இங்கன வந்து நிறுத்துனேன். இதே மாதிரிதான் இருந்துச்சு. தாங்க முடியல. எஞ்சினைத் திரும்பவும் போட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுலயும் டி.வி. விடிய விடிய ஓடும். என்ன ஓடுதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

ஜெசிந்தா மெதுவாகச் சொன்னார். "நின்ன இடத்துலயே ஓடுனா எஞ்சினுக்கு வேண்டிய சூடு ஏறாது, அண்ணே. டீசல் முழுசா எரியாது. எரியாததுதான் சைலென்சர்ல வடியுது. ஆயில்லயும் கலக்குது."

அப்போது மதகுப் பக்கம் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. காக்கி டவுசர் போட்ட ஒருவர் மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். மதகு திறக்கிற லஸ்கர், பெயர் கோமதிநாயகம். அணைக்கட்டில் மிச்சமிருந்த ஒரே உத்தியோகஸ்தர்.

"வண்டி நின்னுபோச்சா, டிரைவரே? சத்தம் நின்னதும் பயந்துட்டேன்."

வண்டிக்கு ஒன்றும் இல்லை என்றார் குத்தாலிங்கம்.

லஸ்கருக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அவர் இந்த அணைக்கு மாற்றலாகி வந்த புதிதில், டீ போட்டுவிட்டுக் கீழே இருந்து தினமும் கூப்பிடுவாராம். டிரைவர் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லையாம். பெரிய ஆள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம்.

"எப்பம்?" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"ஒரு வருசம் இருக்கும்."

குத்தாலிங்கம் தூக்குச்சட்டியை மூடினார். "எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்றார். லஸ்கர் மூன்று பேருக்கும் டீ கொண்டுவருகிறேன் என்று மதகுப் பக்கம் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றி, கடைசியாக ஒரு தடவை நாசிலைக் கழுவிவிட்டால் எஃப்.சி.க்குப் புகை நின்றுவிடும் என்றார் ஜெசிந்தா. பிறகு சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் எஞ்சின் கிளம்பியது. உடனே நிறுத்தினார்.

குத்தாலிங்கம் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் கிளம்பிட்டு, மேஸ்திரி. நாளைக்கு நிறுத்திட்டு, கிளம்பலன்னா?"

கீழே லஸ்கர் டீத் தூக்கோடு மேடேறிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அந்தப் பக்கம் பார்த்தார்.

"தள்ளுறதுக்குத்தான் ஒரு ஆளு இருக்காருல்லா, அண்ணே."