ரிட்டன் லோடு

“பகல்கொள்ளை அம்மா இது” என்றார் கனகசபாபதி.

நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன மடம் அது. அங்கே தனியாக இருந்த துறவி வடிவம்மை, அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அவர் வந்து உட்காருவது அவள் முன்னால்தான். அன்றைக்கு மனசைக் கெடுத்தது லாரி வாடகை.

கனகசபாபதி மாட்டுத்தீவன வியாபாரி. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கரிசல்காட்டு ஓடைக்குறிச்சிக்கு அனுப்புகிறவர். அந்த ஒரு ஊரை நம்பித்தான் அவர் கடை, குடும்பம் எல்லாம்.

“அதே லாரி, அதே ரோடு, அதே மூட்டை. டீசலும் ஏறல. போன வருஷத்தைவிட ஒன்றரை மடங்கு கேக்கான். இப்படியே போனா கடையைப் பூட்ட வேண்டியதுதான். என்ன கணக்கும்மா இது?”

வடிவம்மை எழுந்து சாலையோரம் போய் நின்றாள். அவரும் பின்னாலேயே போனார்.

ஓடைக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. பின்பக்கம் வெறுமை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சங்கிலிகள் கலகலத்தன.

“முன்னெல்லாம் இதுல என்ன வரும்?”

“பருத்தி வரும். வத்தல் வரும்.”

“இப்ப?”

“மழையே இல்ல. என்ன வரும்?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. போகிற வண்டியோடு, வெறுமனே திரும்புகிற வண்டியின் செலவும் தன் தலையில்தான் விடிகிறது.

“அப்ப ரிட்டன் லோடு கிடைச்சா வாடகை இறங்கும்.”

“இறங்கும்.”

“எதாவது ஒரு லோடு கிடைக்கணும்னு பிள்ளையார்கிட்ட வேண்டிக்கிடுதேன்.”

“எதாவதுன்னு வேண்டாதீங்க அண்ணாச்சி.”

சாமியார்களே இப்படித்தான், நேராகப் பேசினால் மரியாதை போய்விடும் என்று நினைப்பு. கனகசபாபதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே தேங்காய் உடைத்து, எதாவது என்றே வேண்டிக்கொண்டார்.

அந்த வருஷமும் மழை ஏமாற்றியது. ஆனால் சித்திரையில் வாடகை மளமளவென்று பாதிக்கு இறங்கியது. ஓடைக்குறிச்சியில் வியாபாரமும் சூடுபிடித்தது. மாசக்கணக்கில் அந்த ஊர்த் தீவனக்கடைப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள்கூட ஆளுக்கொரு மூட்டை வாங்கினார்கள்.

கனகசபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை அடமானம் வைத்துக் குடோன் நிறையச் சரக்கு வாங்கிப் போட்டார். ஒரு கூடை மாம்பழத்தோடு மடத்துக்கு ஓடிவந்தார்.

“பிள்ளையார் கண்ணைத் தொறந்துட்டாரும்மா. ரிட்டன் லோடு கிடைக்குதாம்.”

வடிவம்மை கூடையைத் தொடவில்லை.

“என்ன லோடு?”

“என்னவா இருந்தா நமக்கென்ன?”

அவள் மறுபடியும் சாலைக்குப் போனாள்.

வந்தது அவருடைய சரக்கை ஏற்றிப்போன லாரிதான். ஓட்டிவந்த அந்தோணிராஜ் அவரைப் பார்த்ததும் ஓரங்கட்டினான்.

பின்பக்கம் முழுக்க மாடுகள். விலா தெரிகிற பசுக்கள், உழவு மாடுகள், திரும்ப இடமில்லாமல் நெருக்கிக் கட்டியிருந்தார்கள். சில கொம்புகளில் பொங்கலுக்கு அடித்த வர்ணம் இன்னும் போகவில்லை.

“இதெல்லாம் எங்கடே போவுது?”

“அடிமாட்டுக்கு அண்ணாச்சி. தண்ணி இல்ல, கூளம் இல்ல. அவங்களும் என்ன செய்வாங்க? தெனம் நாலு வண்டி போவுது.”

“அப்ப நம்ம புண்ணாக்கை யாரு வாங்குதா?”

“இவங்கதான். வண்டியில ஏத்துறதுக்கு மொத நா, வயிறாரத் தின்னுட்டுப் போவட்டும்னு வாங்கி வைக்காங்க. பொம்பளைக அழுதுக்கிட்டே கரைச்சு ஊத்துதாங்க.”

கனகசபாபதிக்கு முதலில் நினைவுக்கு வந்தது குடோன் நிறையக் கிடந்த சரக்குதான். அதுதான் முதலில் வந்தது என்பதில் அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஓரத்தில் நின்ற பசு ஒன்று கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“இன்னும் எவ்வளவு மாடு இருக்கு அங்க?”

“இந்த வாரத்தோட முடிஞ்சிரும் அண்ணாச்சி.”

அந்தோணிராஜ் வண்டியை எடுத்தான். புழுதி அடங்கும்வரை கனகசபாபதி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்வியே வாயில் வந்தது.

“அப்ப அடுத்த வாரம் வாடகை ஏறிருமாம்மா?”

“யாருக்கு அனுப்பப் போறீங்க?” என்றாள் வடிவம்மை.