சிட்டம்மா தைச்ச மூணு போர்வை

ஒரு ஊர்ல, ஒரு குளிர்ல, ஒரு சிட்டம்மா இருந்தாளாம். சிரிக்காதே, அப்படித்தான் ஆரம்பிக்கணும். அந்த ஊர்ல மொத வந்தது குளிரு, அப்புறம்தான் ஆளுங்க வந்தாங்க. மலை மேல இருக்கு. பேரு நடுங்கம்பட்டி. ம் கொட்டு. ம் கொட்டலைன்னா எனக்குக் கதை மறந்துடும்.

இந்தச் சிட்டம்மா மலைக்காரி இல்ல. கீழ போடிப் பக்கம், வெயில்ல வளர்ந்தவ. அவளை நடுங்கம்பட்டியில மொக்கராசுன்னு ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தாங்க. எல்லாப் பொண்ணும் சீரா அண்டா குண்டா கொண்டு போவாங்க இல்ல? இவ அதோட ரெண்டு மூட்டை இலவம்பஞ்சும் கொண்டு போனா. அவங்க ஊர்ல இலவ மரம் நிறைய. அம்மாக்காரி கட்டிக்கொடுத்துட்டா, இவளும் தலையில வச்சுக்கிட்டு வந்துட்டா.

வந்து பார்த்தா, வீட்ல மூணு பேரு. மாமனார் பெரியகருப்பு, மாமியார் காமுத்தாயி, புருஷன் மொக்கராசு. மூணு பேருக்கும் மூணு பழைய கம்பளி. அந்தக் கம்பளியைப் போத்துனா குளிர் போகாது, ஆனா அரிப்பு வரும். மாமனார் ஒரு பக்கம் சொறக் சொறக். மாமியார் ஒரு பக்கம் பரட் பரட். மொக்கராசு முதுகு எட்டாம தூண்ல தேய்ச்சுக்குவான், டொக்கு டொக்கு டொக்கு.

சிட்டம்மாவுக்குப் பாவமா இருந்துச்சு. அப்போ அவ மனசுக்குள்ள ஒரு முடிவு பண்ணா. "தைப் பொங்கலுக்குள்ள மூணு பேருக்கும் ஆளுக்கொரு ஒட்டுப் போர்வை தைச்சுக் கொடுக்கணும். உள்ள பஞ்சு, மேல கலர் கலரா துண்டுத் துணி. ஆனா யாருக்கும் சொல்லக்கூடாது. பொங்கலன்னிக்கு எடுத்து நீட்டணும், எல்லாரும் ஆன்னு வாயைப் பொளக்கணும்."

நல்ல யோசனைதான். ஒரே ஒரு சிக்கல். போர்வை தைக்க அளவு வேணும். சொல்லாம எப்படி அளவு எடுக்கிறது?

ம்... சொல்றேன் கேளு.

மொத மாமனார். அவரு நல்ல நெட்டை ஆளு, நிலைப்படியில குனிஞ்சுதான் வருவாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வெயில் விழுற இடமா பார்த்துச் சாக்கை விரிச்சுப் படுத்துட்டாரு. கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ். சிட்டம்மா ஒரு நூலை எடுத்துக்கிட்டு மெதுவா, மெதுவா, பூனை மாதிரி போனா. தலையில ஒரு முனையை வச்சா, கால்ல ஒரு முனையை வச்சா, டக்குனு முடிச்சுப் போட்டுட்டு ஓடி வந்துட்டா. ஆனா ஒண்ணு, அவரு குளிர்ல ஜிலேபி மாதிரி சுருண்டு படுத்திருந்தாரு. முழங்கால் வந்து மோவாயில இடிக்குது. சிட்டம்மா நூலைப் பார்த்தாளே தவிர, ஆளைப் பார்க்கல. அளந்து பார்த்தா ஒன்றரை முழம்!

"அடடே, மனுசங்க படுத்தா குறைஞ்சு போயிடுவாங்க போல"ன்னு நினைச்சுக்கிட்டா.

அப்புறம் மாமியார். அந்தம்மா குள்ளமா, உருண்டையா, லட்டு மாதிரி இருக்கும். ஒரு இடத்துல உட்காராது. தொட்டா கூச்சம் வேற. விரல் பட்டாலே "ஐயோ ஐயோ"ன்னு அரை மணி நேரம் குதிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், கோவக்காரி. யாராவது உருவத்தைப் பத்தி ஏதாவது சொல்லிட்டா அவ்வளவுதான், தகரப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த மலையில இருக்கிற அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடும். போன தடவை போய் ஆறு மாசம் வரல. அந்த ஆறு மாசமும் மாமனார்தான் சமையல். அவரு வச்ச ரசத்தைக் கோழிக்கு ஊத்துனா, கோழி ஒரு பார்வை பார்த்துட்டு வேற வீட்டுக்கு முட்டை போடப் போயிடுச்சாம்.

அதனால சிட்டம்மா பயந்து பயந்து யோசிச்சா. அப்போ சாயங்காலம். மாமியார் வாசல்ல நின்னு "பா... பா... பா..."ன்னு கோழியைக் கூப்பிடுது. வெயில் சாஞ்சு கிடக்கு. மாமியாரோட நிழலு வாசலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, முட்டைக்கோஸ் பாத்தியைத் தாண்டிப் போகுது. தலை எங்க இருக்குன்னா, பக்கத்து வீட்டு வைக்கப்போர்ல இருக்கு!

"ஆளைத் தொட்டாத்தானே கூசும், நிழலைத் தொட்டா கூசாதே"ன்னு சிட்டம்மா நூலைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சபடியே போனா.

மாமியார் பார்த்துட்டு, "ஏத்தா, என்ன தேடுற?"ன்னு கேட்டுச்சு.

"தோடு விழுந்துடுச்சு அத்தை."

"ரெண்டும் காதுலதானே இருக்கு?"

"இது... மூணாவது தோடு அத்தை."

மாமியாருக்கு ஒண்ணும் புரியல. சிட்டம்மா அளந்து பார்த்தா, நாப்பத்திரண்டு முழம். "அத்தை பார்க்கத்தான் குள்ளம், உண்மையில ரொம்ப நீளம் போல"ன்னு அதையும் முடிச்சுப் போட்டு வச்சுக்கிட்டா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, மூணாவது மொக்கராசு.

அவன் ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். ஓடிக்கிட்டே சாப்பிடுவான், ஓடிக்கிட்டே பல்லு விளக்குவான். மாட்டைக் குளிப்பாட்டுறப்போ மட்டும்தான் நிப்பான். சரின்னு அவன் மாட்டைக் கட்டிப் பிடிச்சுத் தேய்க்கிறப்போ சிட்டம்மா நூலை எடுத்துக்கிட்டு அவனைச் சுத்தி ஓட ஆரம்பிச்சா.

"என்னடி பண்ற?"

"கண்ணு பட்டிருக்குங்க. நூல் சுத்திக் கழிக்கிறேன். அசையாதீங்க."

அவனும் பக்தியா ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டுக் கண்ணை மூடி நின்னான். மாடும் நின்னுச்சு. சிட்டம்மா விறுவிறுன்னு ஒரு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டா. மாடும் அந்தச் சுத்துக்குள்ளதான் இருந்துச்சுங்கிறது அவளுக்குத் தோணவே இல்ல. "அடேயப்பா, என்ன சுத்தளவு! நல்ல சாப்பாட்டு ஆளு"ன்னு பெருமையாப் போச்சு.

அளவு ரெடி. அவ அண்ணன் கீழ டெய்லர் கடையில வேலை பார்க்கிறான். அவன்கிட்டச் சொல்லி, வெட்டி மிஞ்சின துண்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையா பஸ்ல வரவழைச்சா. உருளைக்கிழங்கு போட்டு வச்சிருக்கிற அறையில உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கிட்டுத் தைக்க ஆரம்பிச்சா. ஊசி விரல்ல குத்தும், சுருக்! பஞ்சு பறந்து மூக்குல ஏறும், ஹச்சூ! சுருக், ஹச்சூ, சுருக், ஹச்சூ. மூணு மாசம் இதே பாட்டு.

மாமியார் வெளியில நின்னு காது கொடுத்துக் கேட்டுச்சு. "ஏங்க, உள்ள யாரோ தும்முறாங்க."

மாமனார் சொன்னாரு, "உள்ள யாரு இருக்கா? உருளைக்கிழங்குதான் இருக்கு."

"அப்போ கிழங்குக்குத்தான் சளி பிடிச்சிருக்கு, பாவம்."

அப்படின்னு சொல்லிட்டு மாமியார் தினமும் ஒரு டம்ளர் சுக்குக் கஷாயம் போட்டு அந்தக் கதவோரமா வச்சுடும். சிட்டம்மா கையை மட்டும் நீட்டி எடுத்துக் குடிச்சுட்டு டம்ளரை வச்சுடுவா. "கிழங்கு முழுசும் குடிச்சிருச்சுங்க!"ன்னு மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

ம்... ஆமா, கிழங்கு குடிக்காது. உனக்குத் தெரியுது, அந்தம்மாவுக்குத் தெரியலையே.

அப்புறம் பொங்கல் வந்துச்சு. காலையில புல்லு மேல உப்பைத் தூவுன மாதிரி உறைபனி. பானை பொங்கி, சாமி கும்பிட்டு முடிஞ்சதும் சிட்டம்மா மூணு மூட்டையைக் கொண்டு வந்து வச்சா.

மொத மூட்டையை மாமனார் பிரிச்சாரு. சிவப்பும் பச்சையுமா அழகான போர்வை. ஆசையா நெஞ்சுல போத்துனா வயிறு தெரியுது. வயித்துல போத்துனா நெஞ்சு தெரியுது. கடைசியில மடிச்சுத் தலையில வச்சுக்கிட்டாரு. "தொப்பி ரொம்ப நல்லா இருக்கு தாயி"ன்னாரு. நல்ல மனுசன்.

ரெண்டாவது மூட்டையை மொக்கராசு பிரிச்சான். மேல போத்துனான், ஆளைக் காணோம். உள்ளேயே அந்தப் பக்கம் போறான், இந்தப் பக்கம் வர்றான், "வழி எங்கடி? வழி எங்கடி?"ன்னு கத்துறான்.

சிட்டம்மாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. மூணாவது மூட்டையைத் திருப்பி எடுத்துக்கலாம்னு கையை நீட்டுறதுக்குள்ள, மாமியார் பிரிச்சிருச்சு. சர்ர்ர்ருனு உருண்டுச்சு போர்வை. கூடத்தைத் தாண்டிச்சு, அடுப்படிக்குள்ள போயி ஒரு சுத்து சுத்திட்டு, திரும்பி வந்து மாமியார் காலடியிலேயே நின்னுச்சு.

மாமியார் குனிஞ்சு ஒரு முனையைக் கையில எடுத்துச்சு.

"இது... எனக்கா?"

"ஆமா அத்தை."

"நான் இவ்வளவு நீளமா இருக்கேனா? இல்ல, நீ குள்ளம், போர்வையாவது நீளமா இருக்கட்டும்னு குத்திக் காட்டுறியா?"

"ஐயோ, இல்ல அத்தை!"

"எடுங்கடா என் பெட்டியை! நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்!"

சிட்டம்மாவுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. மூணு மாசமா அவ குடிச்ச கஷாயமெல்லாம் அத்தை கையால போட்டது. அத்தை போயிட்டா அந்த வீடு வீடாவா இருக்கும்? "போகாதீங்க அத்தை"ங்கிறா. மாமியார் விருட்டுனு பெட்டியைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு வாசலைத் தாண்டிருச்சு. ஆனா பாரு, பெட்டியோட கொக்கியில போர்வை முனை மாட்டிக்கிச்சு. கோவத்துல அந்தம்மா கவனிக்கல.

தெருவுல மாமியார் முன்னாடி போகுது. பின்னாடி போர்வை வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. மாமியார் நாலு வீடு தாண்டிருச்சு, போர்வையோட வாலு இன்னும் அடுப்படியை விட்டு வரல. ஒரு பூனைக்குட்டி பார்த்துச்சு. ஆகா, மெத்து மெத்துன்னு இருக்கேன்னு ஏறி உட்கார்ந்துச்சு. அப்புறம் ரெண்டு பிள்ளைங்க ஏறிக்கிச்சுங்க. அப்புறம் டீக்கடை வேலாயி, ஒரு கிழவர், அவரு மடியில ஒரு ஆட்டுக்குட்டி. ஊர்ல எல்லாரும் வந்து வந்து ஏறி, போர்வை ஓரத்தை மடிச்சு உள்ள நுழைஞ்சுக்கிட்டாங்க. பின்னாடியே தொப்பி போட்ட மாமனார் ஓடி வர்றாரு. அவருக்குப் பின்னாடி மொக்கராசு போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு, மாட்டையும் உள்ள சேர்த்துக்கிட்டு, வழி தெரியாம ஆறு காலோட ஓடி வர்றான். சிட்டம்மா நீளப் போர்வையோட வாலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே "அத்தை! அத்தை!"ன்னு வர்றா.

மாமியாருக்குப் பெட்டி கனக்குது. "கோவம் வந்தா எல்லாமே கனக்கும் போல"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்குது. ஹும்ம்ம்... ஹும்ம்ம்... கோயில் மேட்டுல ஏறுறப்போ ஒரு அடி கூட நகரல. திரும்பிப் பார்த்துச்சு.

பார்த்தா, பின்னாடி பூரா ஊரே உட்கார்ந்திருக்கு! இடுப்பு வரைக்கும் போர்வைக்குள்ள. எல்லார் மூஞ்சியிலயும் சிரிப்பு.

"யாரைக் கேட்டு ஏறுனீங்க?"ன்னு கத்துச்சு.

டீக்கடை வேலாயி சொன்னா, "கோச்சுக்காதே காமு. கதகதன்னு இருக்கு. நீயும் உள்ள வாயேன். உதடு நீலமாப் போச்சு பாரு."

மாமியார் விறைப்பா நின்னுச்சு. ஆனா குளிர் விடல. "சும்மா... ஒரு நிமிஷம்தான்"ன்னு சொல்லிட்டு ஓரமா உட்கார்ந்து காலை உள்ள விட்டுச்சு. ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு. எழுந்திருக்கவே இல்ல. அரிப்பில்ல, குத்தல் இல்ல, அம்மா மடியில காலை விட்ட மாதிரி இருக்கு.

கிழங்கு அறையில மூணு மாசமா தும்முனது யாருன்னு இப்பத்தான் அதுக்குப் புரிஞ்சுச்சு. அப்போ ஒரு பிள்ளை போர்வையை உதைச்சு விளையாடுச்சு. மாமியார் திரும்பி, "ஏய்! காலை மடக்குடா! என் மருமக மூணு மாசம் விரல்ல குத்துப்பட்டுத் தைச்சது!"ன்னு ஒரு அதட்டு.

சிட்டம்மா பக்கத்துல வந்து நின்னா. மூக்கை உறிஞ்சுக்கிட்டே, "தப்பா நினைக்காதீங்க அத்தை. தொட்டா உங்களுக்குக் கூசும். அதனால உங்க நிழலை அளந்தேன்"ன்னா.

"எந்த நேரத்து நிழலு?"

"சாயங்காலம், அத்தை."

மாமியாருக்கு வயிறு குலுங்க ஆரம்பிச்சுச்சு. குபீர்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புல போர்வை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் அலை அலையா ஆடுது. ஆட்டுக்குட்டி துள்ளி விழுந்துச்சு. மாமனார் தொப்பி கழண்டு விழுந்துச்சு. சிட்டம்மாவும் அழுதுக்கிட்டே சிரிச்சா.

"வேணும்னா வெட்டி, உங்க அளவுக்குச் சின்னதாக்கித் தரட்டுமா அத்தை?"

"வெட்டுறதா?" மாமியார் கழுத்தை நீட்டிக் கடைசி வரைக்கும் பார்த்துச்சு. "அங்க பாரு, பால்காரர் வெளியில நின்னு நடுங்குறாரு. இடம் பத்தல. இன்னும் ரெண்டு முழம் சேர்த்துத் தை. அதுவரைக்கும் வா, இப்படி என் பக்கத்துல உட்காரு."

சிட்டம்மா உட்கார்ந்தா. மாமியார் போர்வையை இழுத்து அவ கழுத்து வரைக்கும் போத்தி விட்டுச்சு.

அவ்வளவுதான். கதை காலை நீட்டிப் படுத்திருச்சு, நீயும் கண்ணை மூடிப் படு.